'டு'வுக்குப் பின்னால் 'ஐஎன்ஜி' வரலாமா? அரை பேண்டில் நிற்கும் செவிலியருக்கு ஒரு பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு செவிலியர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. நர்சிங், படிப்பு முடிந்ததிலிருந்து தனியார் மருத்துவமனை வேலை, இப்போது வயது 33. இங்கிலாந்து போவதற்காக ஐயெல்ட்ஸ் அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்கிறார், அதில் மதிப்பெண்ணை பேண்டு என்பார்கள். கேட்டலில் 7.5, வாசிப்பிலும் பேச்சிலும் 7, எழுத்தில் மட்டும் 6. அங்குள்ள செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி எழுத்தில் கேட்பது 6.5. அரை பேண்டில் நிற்கிறது.

"இதற்கெல்லாம் ஜெரண்ட்தான் காரணம்" என்று பயிற்சி மைய ஆசிரியர் சொன்னாராம். ஜெரண்ட் என்றால் 'ஐஎன்ஜி' (-ing) சேர்த்துப் பெயராக்கிய வினைச்சொல். அவர் கற்றுக்கொடுத்த விதிகள் இரண்டு. 'டு'வுக்குப் பிறகு வினைச்சொல்லின் முதல் வடிவம் மட்டுமே வரும். 'ஐஎன்ஜி' வந்தால் அது நடந்துகொண்டிருக்கும் செயல். இந்த விதிகளோடு இருநூறு சொற்றொடர் அடங்கிய ஒரு நோட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் வார்டில் "பேஷண்ட் ஈஸ் ஹேவிங் ஷுகர்" என்று சொன்னதற்கு ஒரு டாக்டர் எல்லார் முன்னாலும் சிரித்துவிட, அதிலிருந்து 'ஐஎன்ஜி' போட்டு எழுதவே பயமாகி, கட்டுரையில் எங்குமே அதைத் தொடாமல் எழுதிவிட்டு வந்ததாகச் சொல்கிறார். 'ஏழு பேண்டு உறுதி, இல்லையென்றால் பணம் வாபஸ்' என்று விளம்பரம் செய்த மையம் இப்போது பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது. இன்னொரு தொகை கட்டினால் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது. கட்டுவதா? இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதா? 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அங்கே 'டு'வுக்குப் பிறகு எப்படி 'மீட்டிங்' வந்தது? ஆங்கிலம் தன் தலையில் எழுதவே இல்லையா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் பயிற்சிக் கட்டுரைகள் இரண்டையும் படித்தேன். எழுத்தில் 6 வந்ததற்கு ஜெரண்ட் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஐயெல்ட்ஸ் எழுத்துத் தேர்வில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறீர்களா, சொன்னது கோர்வையாக இருக்கிறதா, சொற்கள் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம எடை. இரண்டாவது டாஸ்க்குக்கு, அதாவது கட்டுரைக்கு, முதலாவதைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. ஜெரண்ட் என்பது அந்த நான்காவதில் ஒரு மூலை. உங்கள் கட்டுரைகளில் உங்கள் கருத்து என்ன என்பதே கடைசிப் பத்தியில்தான் தெரிகிறது, அதற்கு முன்னால் வருவதில் பாதி அந்த நோட்டு. அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் இலக்கணத்திலும் சிக்கல் இருக்கிறது, அது உங்கள் ஆசிரியர் சொன்ன மாதிரி இல்லை, அவ்வளவுதான். அவர் கொடுத்த இரண்டு விதிகளுமே பாதி உண்மை. முழுப் பொய்யைவிட இதுதான் தொல்லை, ஏனென்றால் பத்தில் ஆறு இடத்தில் அது வேலை செய்துவிடும், மீதி நாலில் ஏன் தப்பு என்றே புரியாது.

ஐஎன்ஜி என்றாலே 'கொண்டிருக்கிறது' இல்லை

பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் படித்திருப்பீர்கள். நடத்தல், உண்ணல், வருகை, நடப்பது. ஒரு செயலுக்கே பெயராக நிற்கும் சொல், பெரும்பாலும் காலம் காட்டாது, படர்க்கையில் மட்டும் வரும், தல் அல் கை என்று விகுதிப் பட்டியலெல்லாம் நன்னூலில் உண்டு. ஆங்கில ஜெரண்ட் அதேதான். 'வாக்கிங் ஈஸ் குட் ஃபார் டயபடிக் பேஷண்ட்ஸ்' என்றால் 'நடப்பது சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது'. யாரும் இப்போது நடந்துகொண்டிருக்கவில்லை. 'த பேஷண்ட் ஈஸ் வாக்கிங்' என்றால்தான் நடந்துகொண்டிருக்கிறார். 'வாக்கிங் பேஷண்ட்ஸ்' என்றால் நடக்கிற நோயாளிகள், அதாவது நம் பெயரெச்சம் செய்யும் வேலை. மூன்றிலும் 'ஐஎன்ஜி' ஒன்றாகத்தான் இருக்கிறது, வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. தமிழில் இந்த மூன்றுக்கும் மூன்று வடிவம் தனித்தனியாக இருப்பதால் நமக்கு இது குழப்பமாகத் தெரிகிறது.

செயலுக்குப் பெயர் என்று புரிந்துவிட்டால் இன்னும் இரண்டு விஷயம் தானாகவே விழும். ஒன்று, பெயர் என்பதால் வாக்கியத்தின் தொடக்கத்தில் தாராளமாக வரலாம். நீங்கள் பயந்துபோய் 'டு ஸ்மோக் ஈஸ் டேஞ்சரஸ்', 'டு ஈட் ஃபாஸ்ட் ஃபுட் காஸஸ் ஒபீசிட்டி' என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இலக்கணப்படி தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் இந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை, பழைய பொன்மொழிப் புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும். 'ஸ்மோக்கிங் ஈஸ் டேஞ்சரஸ்' என்று எழுதுங்கள். இரண்டாவது, செயல் ஒன்றே என்பதால் வினை ஒருமையில் வரும். 'டேக்கிங் தீஸ் டாப்லெட்ஸ் ஈஸ் ஈஸி' என்பதுதான் சரி. 'டாப்லெட்ஸ்' பன்மையாயிற்றே என்று 'ஆர்' போட்டிருக்கிறீர்கள், இரண்டாவது கட்டுரையில் மூன்று இடத்தில். எளிது என்பது மாத்திரைகளை இல்லை, சாப்பிடுவதை.

அந்த டாக்டர் சிரித்தது வேறு கணக்கு. 'ஈஸ் ஹேவிங் ஷுகர்' என்பதில் ஜெரண்டே கிடையாது, அது நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் வடிவம். ஒரு நோய் இருப்பது, இரண்டு பிள்ளைகள் இருப்பது, ஒன்று தெரிந்திருப்பது எல்லாம் நிலை, செயல் அல்ல. அதனால் 'ஹேஸ் டயபடீஸ்', 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்'. சாப்பிடும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்றால் சரி, அது செயல். இந்தியா முழுக்க 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேர்வில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். 'டிஸ்கஸ்' என்றாலே போதும், 'அபௌட்' தேவையில்லை; சிரித்தவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எத்தனை தடவை சொல்கிறார் என்று ஒருநாள் காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

'டு' இரண்டு

உங்கள் ஆசிரியர் தவறவிட்ட இடம் இது. ஆங்கிலத்தில் 'டு' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் அது வினையோடு ஒட்டியது, நம் 'போக' என்பதில் உள்ள '-க' மாதிரி, தனியாகப் பொருள் கிடையாது. 'ஐ வென்ட் டு த வார்டு' என்பதில் அது நம் 'கு' உருபு, வார்டுக்குப் போனேன். முதல் வகைக்குப் பின்னால் வினையின் முதல் வடிவம். இரண்டாவது வகைக்குப் பின்னால் பெயர்தான் வர முடியும், செயலைச் சொல்ல வேண்டுமானால் அதைப் பெயராக்கிப் போட வேண்டும், அதாவது ஜெரண்ட்.

எது எந்த 'டு' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வினை இருக்கும் இடத்தில் வெறும் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' நன்றாக நிற்கிறது. ஆகவே 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை' நிற்காது, ஆகவே 'வாண்ட் டு மீட்'. இந்தச் சோதனை ஏறக்குறைய எல்லா இடத்திலும் கைகொடுக்கும். 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'இன் அடிஷன் டு', 'அக்கஸ்டம்ட் டு' எல்லாம் இதே வகை.

இதில் ஒரு ஜோடியைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். 'ஐ யூஸ்ட் டு வொர்க் நைட்ஸ்' என்றால் முன்பு இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட்ஸ்' என்றால் இரவுப் பணி எனக்குப் பழகிவிட்டது. வேலைக்கான நேர்முகத்தில் இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதைச் சொன்னால், இரவுப் பணியை விட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

'டு'வைத் தவிர 'இன், ஆஃப், அட், ஃபார், வித்தவுட், பை, ஆஃப்டர், பிஃபோர்' போன்றவற்றுக்குப் பின்னால் வினை வந்தால் அது எப்போதும் 'ஐஎன்ஜி'தான். 'பிஃபோர் கிவிங் த இன்ஜெக்‌ஷன்', 'வித்தவுட் வாஷிங் ஹேண்ட்ஸ்'. இங்கே விதிவிலக்கு தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தினாரா, மாத்திரைக்காக நின்றாரா

உங்கள் தொழிலுக்கு இதுதான் முக்கியம், தேர்வை விட்டுத் தள்ளுங்கள். சில வினைகளுக்குப் பின்னால் 'டு'வும் வரலாம், 'ஐஎன்ஜி'யும் வரலாம், ஆனால் பொருள் தலைகீழாக மாறும். 'ஹி ஸ்டாப்ட் டேக்கிங் ஹிஸ் டாப்லெட்ஸ்' என்றால் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு டேக் ஹிஸ் டாப்லெட்ஸ்' என்றால் செய்துகொண்டிருந்த வேறு எதையோ நிறுத்திவிட்டு மாத்திரை சாப்பிட்டார். பணி மாறும்போது எழுதும் குறிப்பில் இந்த ஒரு சொல் மாறினால், இன்சுலினை நிறுத்திய நோயாளி ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர் ஆகிவிடுவார்.

'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டும் அப்படியே. 'ஷீ ரிமெம்பர்ட் டு டேக் இட்' என்றால் மறக்காமல் சாப்பிட்டார். 'ஷீ ரிமெம்பர்ஸ் டேக்கிங் இட்' என்றால் சாப்பிட்டது அவருக்கு நினைவிருக்கிறது. 'ஃபர்காட் டு டேக்' என்றால் சாப்பிட மறந்துவிட்டார், மருந்து உள்ளே போகவில்லை. சாப்பிட்டதையே மறந்துவிட்டார் என்றால் மருந்து உள்ளே போயிருக்கிறது, இன்னொரு முறை கொடுத்தால் ஆபத்து. இப்போது நான் எழுதிய தமிழைப் பாருங்கள்: 'சாப்பிட மறந்தார்', 'சாப்பிட்டதை மறந்தார்'. இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். 'சாப்பிட' என்று வந்தால் 'டு', 'சாப்பிட்டதை', 'சாப்பிடுவதை' என்று வந்தால் 'ஐஎன்ஜி'. 'ட்ரை' மட்டும் கொஞ்சம் தனி. 'ஹி ட்ரைட் டு வாக்' என்றால் நடக்க முயன்றார், முடியாமலும் போயிருக்கலாம். 'ஹி ட்ரைட் வாக்கிங்' என்றால் நடந்தே பார்த்தார், அதனால் வலி குறைகிறதா என்று. 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்' என்பது வருத்தத்துடன் தெரிவிக்கும் அலுவலகக் கடித நடை, 'ரிக்ரெட் டெல்லிங்' என்றால் சொல்லிவிட்டதற்காக இப்போது வருந்துவது.

சரி, தமிழ் இவ்வளவு உதவினால் பிறகு ஏன் தப்பு வருகிறது? நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் ரொம்பப் பரந்தது. ஆங்கிலம் 'டு' போடும் இடத்திலும் அதுதான், 'ஐஎன்ஜி' போடும் பல இடங்களிலும் அதுதான். மூச்சுவிடக் கஷ்டப்படுகிறார், சந்திக்க ஆவலாக இருக்கிறேன், பாட்டுக் கேட்கப் பிடிக்கும், சாப்பிடத் தோன்றவில்லை. எல்லாம் 'விட, சந்திக்க, கேட்க, சாப்பிட'. உங்கள் மனம் இதை அப்படியே 'டு' என்று மாற்றுகிறது. 'டிஃபிகல்ட்டி டு ப்ரீத்', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்', 'என்ஜாய் டு லிசன்', 'டஸ் நாட் ஃபீல் லைக் டு ஈட்'. நான்கும் தப்பு, நான்கும் உங்கள் தாளிலேயே இருக்கின்றன. 'டிஃபிகல்ட்டி ப்ரீதிங்', 'ஃபார்வர்ட் டு மீட்டிங்', 'என்ஜாய் லிசனிங்', 'ஃபீல் லைக் ஈட்டிங்' என்று வர வேண்டும். உங்கள் தவறுகள் ஏனோதானோ என்று வருபவை இல்லை, எல்லாம் இந்த ஒரே வாசல் வழியாக வருகின்றன. அதனால் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. கட்டுரை எழுதி முடித்ததும் 'டு' வரும் இடங்களை மட்டும் வட்டமிட்டு ஒவ்வொன்றையும் சோதித்தால் உங்கள் இலக்கணப் பிழையில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும்.

எந்த வினைக்குப் பின்னால் எது என்பதற்கு முழுமையான சூத்திரம் கிடையாது. இனி நடக்க வேண்டியதைச் சொல்லும் 'வாண்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ், ப்ளான், அக்ரீ, ரெஃப்யூஸ், அஃபோர்ட்' எல்லாம் 'டு' எடுக்கும். நடந்ததை அல்லது வழக்கமாக நடப்பதைப் பற்றிய 'என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை, அவாய்ட், கீப், மிஸ், ப்ராக்டிஸ்' எல்லாம் 'ஐஎன்ஜி'. ஆனால் 'சஜஸ்ட், கன்சிடர், போஸ்ட்போன்' இனி நடக்கப்போவதைச் சொன்னாலும் 'ஐஎன்ஜி'தான் எடுக்கும், அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சஜஸ்ட்' நம்மவர்களை அதிகம் கவிழ்க்கும் சொல். 'டாக்டர் சஜஸ்டட் ஹிம் டு வாக்' என்பது தவறு. 'சஜஸ்டட் வாக்கிங்' அல்லது 'சஜஸ்டட் தட் ஹி வாக்'. ஆள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'அட்வைஸ்ட் ஹிம் டு வாக்' என்று வினையையே மாற்றிவிடுங்கள், நிம்மதி.

இந்த வினைகளைப் பட்டியலாக ஒப்பிக்க வேண்டாம். 'அவாய்ட்' என்று தனியாகப் படித்தால் பயன் இல்லை. 'த பேஷண்ட் வாஸ் அட்வைஸ்ட் டு அவாய்ட் லிஃப்டிங் ஹெவி பேக்ஸ்' என்று வார்டிலிருந்தே ஒரு வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு வடிவமும் வந்துவிடுகிறது பாருங்கள். 'த வூண்ட் நீட்ஸ் டிரஸ்ஸிங்' என்பதும் எழுதிக்கொள்ள வேண்டியது. காயம் எதையும் செய்யப்போவதில்லை, காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும், ஆனாலும் 'டு பி டிரஸ்ட்' என்று நீட்டாமல் 'டிரஸ்ஸிங்' என்றாலே அந்தப் பொருள் வரும்.

அந்த இருநூறு சொற்றொடர் நோட்டு

தயவுசெய்து அதை எடுத்துப் பரணில் போடுங்கள். உங்கள் கட்டுரை 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று ஆரம்பிக்கிறது, அடுத்த வரியில் 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்', அப்புறம் 'இட் ஈஸ் எ டபுள் எட்ஜ்ட் ஸ்வோர்டு'. முதல் பத்தி முடிகிறது, தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இந்தத் தொடக்கம் ஊர் ஊராக எல்லாத் தாளிலும் வருகிறது, திருத்துகிறவர்களுக்கு மனப்பாட வரியைக் கண்டுபிடிக்கத் தெரியும், அதற்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதிலும் அடி, சொல்வளத்திலும் அடி. உங்களுடைய அந்த அரை பேண்டு இங்கேதான் போயிருக்கிறது என்பது என் கணிப்பு. முதல் பத்தியில் இரண்டே வாக்கியம் எழுதுங்கள்: கேள்வி எதைப் பற்றியது, நான் எந்தப் பக்கம்.

சொற்றொடர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுவதற்கான சொற்றொடர் வேறு, கேட்டுப் புரிந்துகொள்வதற்கான சொற்றொடர் வேறு, அந்த நோட்டில் இரண்டும் கலந்து கிடக்கிறது. இங்கிலாந்து வார்டில் ஒரு பாட்டி 'ஐ ஃபீல் எ பிட் பூர்லி' என்பார், உடம்பு சரியில்லை என்று அர்த்தம், ஏழ்மை இல்லை. 'அண்டர் த வெதர்' என்பதும் அதேதான். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கைகால் மரத்துப்போய் ஊசி குத்துகிற உணர்வு. 'ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்' என்றால் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது. 'பங்க்ட் அப்' என்றால் மூக்கடைப்பாக இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். வயதானவர்கள் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்பது, அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும். இவற்றையெல்லாம் காது பழகினால் போதும், நீங்கள் கட்டுரையில் எழுத வேண்டாம்.

'வுட் யூ மைண்ட் ரோலிங் அப் யுவர் ஸ்லீவ்?' என்று நீங்களே தினமும் கேட்கப்போகிறீர்கள், 'மைண்ட்' வந்தால் பின்னால் 'ஐஎன்ஜி'. அதற்கு நோயாளி 'நோ, நாட் அட் ஆல்' என்றால் சட்டைக் கையை மடிக்க மாட்டேன் என்று அர்த்தம் இல்லை. ஆட்சேபம் இல்லை, தாராளமாக மடிக்கிறேன் என்று அர்த்தம். முதல் தடவை கேட்கும்போது பலர் திகைத்து நிற்கும் இடம் இது.

நம் ஊர் வழக்குகளில் சிலதை விமானம் ஏறும் முன்பே விட்டுவிட வேண்டும். 'ஐ பாஸ்ட் அவுட்' என்று கல்லூரி முடித்த வருடத்தைச் சேர்த்துச் சொல்கிறீர்களே, அங்கே 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தேன். செவிலியர் நேர்முகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'பேஷண்ட் எக்ஸ்பயர்ட்' என்பதற்குப் பதில் 'டைட்' அல்லது உறவினரிடம் 'பாஸ்ட் அவே'. 'டூ த நீட்ஃபுல்' அவர்களுடைய பழைய அலுவலக நடைதான், அவர்களே எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், நாம்தான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பணமும் மறுதேர்வும்

மறுபடி அதே மையத்தில் பணம் கட்ட வேண்டாம். உங்களிடம் குறையாக இருப்பது எழுத்து ஒன்றுதான், அதற்கு முழு வகுப்பு எதற்கு? கட்டுரையைத் திருத்தி ஏன் தப்பு என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் போதும். பழைய பணத்தைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. 'உறுதி' என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வெளியிட்டது. விளம்பர நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு மூன்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் பணத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வருகைப்பதிவு குறைவு என்று மையம் சொல்கிறது, சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி நிபந்தனை இருந்தால் உங்கள் பக்கம் பலவீனப்படும், அதை முதலில் எடுத்துப் படியுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை மூன்று வழி இருக்கிறது. மறுமதிப்பீடு கேட்கலாம், தேர்வு எழுதிய ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். மற்ற மூன்றும் 7 அல்லது அதற்கு மேல் இருந்து எழுத்து மட்டும் 6 என்றால் சிலருக்கு ஏறுவது உண்டு, ஆனால் உங்கள் பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்தபின் பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இரண்டாவது, மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓஈடி என்ற ஆங்கிலத் தேர்வு. அதில் கட்டுரை கிடையாது, நோயாளிக் குறிப்பைப் படித்து 180 முதல் 200 சொல்லில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும், என்எம்சி அதில் எழுத்துக்கு சி பிளஸ்ஸும் மற்ற மூன்றுக்கு பி-யும் கேட்கிறது. வார்டு ஆங்கிலம் உங்களுக்குக் கைவந்தது, அதனால் இது எளிதாகப் படலாம், ஆனால் கட்டணம் ஐயெல்ட்ஸைவிட அதிகம், மற்ற மூன்று பகுதியும் புதிதாக எழுத வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஐயெல்ட்ஸையே மறுபடி எழுதுங்கள். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துப் பார்க்க என்எம்சி அனுமதிக்கிறது, ஆனால் இரண்டிலும் எழுத்தில் 6க்கும் மற்ற மூன்றில் 6.5க்கும் கீழே போகக்கூடாது. உங்கள் முதல் தேர்வு அந்த வரம்புக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முன்பதிவு செய்யும் அன்றைக்கு என்எம்சி தளத்தில் விதி மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

33 வயதில் ஆங்கிலம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சில் 7 வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது?

இரண்டு மாத அவகாசம் வைத்துத் தேதி எடுங்கள். வாரம் இரண்டு கட்டுரை, எழுதி முடித்ததும் 'டு' வட்டம், அப்புறம் தெரிந்த யாரிடமாவது கொடுத்து உங்கள் கருத்து முதல் பத்தியிலேயே தெரிகிறதா என்று கேளுங்கள். எழுத்திலேயே மூழ்கிக் கேட்டலையும் வாசிப்பையும் தொடாமல் விட்டுவிடாதீர்கள், இந்த முறை அவற்றில் ஏதாவது ஒன்று 6.5க்குக் கீழே இறங்கிவிட்டால் எழுத்தில் 7 வந்தாலும் இரண்டையும் சேர்க்க முடியாது.